முதல் தீவின் தேதி

மாலை மூன்றரை மணிக்கே புத்தாண்டு கேக் வெட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவள் தமயந்தி. கோயம்புத்தூரில் அப்போது வெயில்கூட இறங்கியிருக்கவில்லை. பீளமேட்டில் அந்த நிறுவனத்தின் நான்காவது மாடியில் முப்பது பேர் ஒரு பெரிய திரைக்கு முன்னால் கூடி நின்றார்கள். திரையில் உலகப்படம், அதன்மேல் தொண்ணூறாயிரம் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சர்க்கரை நோயாளி. அவர்கள் வயிற்றுத் தோலுக்கடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு பம்ப் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரையைத் தானே அளந்து, தேவையான இன்சுலினைத் தானே விடும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மருத்துவமனைக்குப் போய் மருந்தை நிரப்பிக்கொண்டால் போதும். ஊசி கிடையாது, பத்தியத்தில் பாதி கிடையாது.

நிறுவனத்தை நடத்துகிற மருதாசலம் கையில் கத்தியோடு நின்றார். அவருடைய அப்பா அதே ஊரில் கணபதி என்ற பகுதியில் கிணற்று மோட்டார் செய்தவர். "எங்கப்பா தண்ணிக்குப் பம்ப் செஞ்சாரு, நான் ரத்தத்துக்குச் செய்யறனுங்க" என்று யாரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். முதன்முதலில் பம்ப் பொருத்திக்கொண்டவர்களில் பொள்ளாச்சியில் இருக்கும் அவருடைய அம்மாவும் ஒருவர்.

"மூணரை மணிக்கு என்னடா புத்தாண்டுன்னு சிலபேரு சிரிக்கறீங்க" என்று அவர் ஆரம்பித்தார். "புத்தாண்டு உலகத்துக்கெல்லாம் ஒரே சமயத்துல பொறக்கறதில்லீங்க. பூமி சுத்தச் சுத்த, நடுராத்திரிங்கறது கிழக்க இருந்து மேற்க ஒவ்வொரு ஊரா நடந்து வருது. முதல்ல வந்து சேர்ற எடம் இது." கத்தி முனை பசிபிக் கடலின் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டது. "கிரிட்டிமாட்டின்னு ஒரு தீவு. நம்ம மூணரை அவங்களுக்கு ராத்திரி பன்னெண்டு. ஒரு மணி நேரம் கழிச்சு நியூசிலாந்து. ஆறரைக்குச் சிட்னி, எட்டரைக்கு ஜப்பான். நமக்கு இன்னும் எட்டரை மணி நேரம் கிடக்குது. நம்ம பம்ப்போட புது மென்பொருளும் இதே வரிசையிலதான் வேலையை ஆரம்பிக்கப் போவுது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் அனுப்பியாச்சு. அந்தந்த ஊர்ல வருஷம் பொறந்ததும் தானா முழிச்சுக்கும். அந்தத் தீவுல நம்ம ஆளுங்க மொத்தமே பதினொரு பேரு. ஏதாச்சும் கோளாறுன்னா அங்கயே தெரிஞ்சுரும், மத்தவங்களைக் காப்பாத்த ஒரு மணி நேரம் கையில இருக்கும். இந்தத் திட்டம் நம்ம தமயந்தியோட மூளை. கை தட்டுங்க!"

தட்டினார்கள். பாதுகாப்புப் பிரிவின் தலைவியான தமயந்திக்கு நாற்பத்து நான்கு வயது. கூச்சத்தோடு தலையை ஆட்டிக்கொண்டாள். 'முதல் மண்டலத்தில் பயனர்கள் மிகக் குறைவு. இது நமக்குச் சாதகம்' என்று அந்தத் திட்ட அறிக்கையில் அவள் எழுதியிருந்த வரியைச் சிங்கப்பூரிலிருந்து வந்த முதலீட்டாளர்கள்கூட அடிக்கோடிட்டுப் பாராட்டியிருந்தார்கள்.

பத்து, ஒன்பது, எட்டு என்று எல்லோரும் கூவினார்கள். சுழியம் என்றதும் யாரோ வெடித்த காகித வெடியில் ஜிகினாத் துண்டுகள் பறந்தன. கடலின் நடுவே பதினொரு பச்சைப் புள்ளிகளும் ஒருமுறை மினுக்கி அடங்கின. மருதாசலம் கேக்கை வெட்டி முதல் துண்டைத் தமயந்தியிடம் நீட்டினார்.

அவள் அதை வாயில் வைக்கும் முன்பு, மேசையில் உட்கார்ந்திருந்த ரிஸ்வானா திரும்பாமலே கூப்பிட்டாள். "அக்கா, இங்க கொஞ்சம் வாங்க."

ரிஸ்வானா அந்த மென்பொருளை எழுதிய குழுவில் இருந்தவள். எதற்கும் பதறாதவள். இப்போதும் குரல் உயரவில்லை. ஆனால் அவள் விரல் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விதம் தமயந்திக்குச் சரியாகப் படவில்லை.

"பதினொரு பேருக்கும் இன்சுலின் போயிட்டு இருக்கு."

"போகத்தானே செய்யும்?"

"உச்ச அளவுல போகுதுக்கா. நாலு நிமிஷமா. நிக்கவே இல்ல."

தமயந்தி குனிந்து பார்த்தாள். பதினொரு கோடுகளும் ஒன்றுபோலச் செங்குத்தாக ஏறியிருந்தன. ஒருவருக்குக் கோளாறு என்றால் பம்ப் பழுது என்று நினைக்கலாம். பதினொரு பேருக்கும் ஒரே நொடியில் என்றால்? அவள் கையிலிருந்த கேக் எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அதை யாரோ மிதித்து, அந்தக் கறை ஒரு வாரம் தரையில் இருந்தது.

"என்ன ஆச்சு ரிஸ்வானா? சீக்கிரம் சொல்லு."

"புது மென்பொருள், கடைசியா எந்த நாள் மருந்து முழுசாப் போச்சுன்னு நாள் நம்பரை வச்சுப் பாக்குது. நேத்து முந்நூத்தி அறுபத்தஞ்சாவது நாள். இன்னைக்கு ஒண்ணாவது நாள். நடுவுல ஒரு வருஷம் மருந்தே போகலன்னு நெனச்சுக்கிச்சு. விட்டுப்போனதையெல்லாம் சேத்து ஊத்துது." ரிஸ்வானாவின் உதடு வெளுத்திருந்தது. "நாங்க எல்லா நாளையும் சோதிச்சோம்க்கா. வருஷம் மாறுற அந்த ஒரு நொடிய மட்டும்..."

"நிறுத்து. பம்ப்பை நிறுத்து."

"எப்படி நிறுத்துறது? தூரத்துல இருந்து மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ யாராலயும் முடியக்கூடாதுன்னு பூட்டு போட்டதே நாமதானே. புதுசா எழுதி, முத்திரை வாங்கி அனுப்பணும். எவ்வளவு ஓடினாலும் நாலு மணி நேரம்."

அறைக்குள் சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. மருதாசலம் கத்தியை இன்னும் கையில் பிடித்தபடியே அருகில் வந்து, திரையைப் பார்த்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

தமயந்தி தீவின் தொடர்பு எண்ணைத் தேடினாள். பதினொரு பேருக்கும் ஒரே பெயர்தான் இருந்தது: தெபோரா, செவிலி. மூன்று முறை மணி அடித்தது. எடுத்ததும் காதில் முதலில் விழுந்தது பாட்டு. நூறு பேராவது இருப்பார்கள், கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே ஒரு பெண் ஆங்கிலத்தில் கத்தினாள். "புத்தாண்டு வாழ்த்து! பழைய வருஷத்துல இருந்து கூப்பிடுறது யாரு?"

"தெபோரா, நான் இந்தியாவுல இருந்து பேசுறேன், பம்ப் கம்பெனி. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. பம்ப் வச்சிருக்கிற பதினொரு பேருக்கும் இந்த நிமிஷமே சர்க்கரை கொடுக்கணும். இனிப்பு, ஜூஸ், எது இருந்தாலும். மயங்கிட்டாங்கன்னா ஈறுல தேய்ச்சு விடுங்க. பம்ப் தப்பா மருந்து விடுது."

பாட்டு தொடர்ந்துகொண்டிருந்தது. தெபோரா போனைப் பிடித்தபடியே தங்கள் மொழியில் ஏதோ கூவினாள். பாட்டு பாதியில் அறுந்தது. அந்த அமைதியைத் தமயந்தி எட்டாயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து கேட்டாள். பிறகு காலடிச் சத்தங்கள், ஒரு குழந்தையின் அழுகை, பாத்திரம் உருளும் ஓசை.

"ஒன்பது பேர் இந்தக் கூடத்துலயே இருக்காங்க" என்றாள் தெபோரா மூச்சிரைக்க. "கேக் இருக்கு, தென்னம்பாகு இருக்கு. கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு அம்மா ஏற்கெனவே சாய்ஞ்சுட்டாங்க. இன்னொருத்தி பக்கத்து வீடு, என் தம்பி ஓடுறான். பதினோராவது ஆள் இயோவானே. அவர் போலந்துல இருக்கார்."

"போலந்தா? ஐரோப்பாவுக்குப் போயிருக்காரா?"

"இல்லை, இல்லை. எங்க தீவுலயே ஒரு கிராமம், பேரு போலந்து. நான் இருக்கிறது லண்டன். வெள்ளைக்காரங்க வச்சுட்டுப் போன பேரு. வண்டியில சுத்திக்கிட்டுப் போனா ஒன்றரை மணி நேரம் ஆகும்." அவள் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "இயோவானே சீக்கிரம் படுத்துடுவார். காலையில கோயில் மணி அடிக்கிறது அவர்தான்."

"போன் பண்ணுங்க!"

"பண்ணச் சொல்லிட்டேன். யாரும் எடுக்கல. அங்கேயும் எல்லாரும் கூடத்துல பாடிட்டு இருப்பாங்க. நான் கிளம்புறேன். நீங்க அந்தப் பம்ப்பை நிறுத்துங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

இணைப்பு அறுந்தது. மணி மூன்று நாற்பத்தாறு.

தமயந்தி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ரிஸ்வானா, பம்ப்புக்கு இங்க இருந்து என்னதான் அனுப்ப முடியும்?"

"ஒண்ணுமே முடியாதுக்கா. எந்த ஊர்ல இருக்காங்கங்கறத மட்டும் மாத்தலாம். வெளிநாடு போறவங்களுக்கு சாப்பாட்டு நேரம் மாறுமே, அதுக்காக."

"அப்ப அவங்களை வெளிநாடு அனுப்பு."

"என்னக்கா?"

"அந்தப் பதினொரு பேரும் இப்ப ஹவாய்ல இருக்காங்கன்னு பம்ப்புக்குச் சொல்லு. தீவுக்கு நேர் வடக்கதான் ஹவாய். கடிகாரம் ரெண்டு எடத்துலயும் ஒரே மணிதான் காட்டும். ஆனா தேதிக்கோடு நடுவுல வளைஞ்சு போறதால ஹவாய் ஒரு முழு நாள் பின்னால இருக்கு. அங்க முப்பத்தொண்ணாம் தேதி இப்பத்தான் பொறந்திருக்கு. பம்ப்புக்கு மறுபடியும் முந்நூத்தி அறுபத்தஞ்சாவது நாள் ஆயிடும், எதுவும் விட்டுப்போகலன்னு நெனச்சு நிறுத்திடும்."

ரிஸ்வானாவின் விரல்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன. மருதாசலம் அப்போதுதான் வாய் திறந்தார். "நியூசிலாந்துக்கு?"

"அமெரிக்க சமோவா. அதுவும் இதே மாதிரி, கடிகாரம் ஒண்ணு, நாள் வேற. ஃபிஜிக்கு அதுக்கும் மேற்க பேக்கர்னு ஒரு தீவு இருக்கு, மனுஷங்களே கிடையாது, அங்க தள்ளிடலாம். ஆஸ்திரேலியாவையும் அங்கயே தள்ளினா ஒரு மணி ரெண்டு மணி முன்னப் பின்ன ஆகும், பரவால்ல. அதுக்குள்ள திருத்தினது ரெடியாயிடும். சார், உங்க அனுமதி வேணும்."

"அனுமதி என்னங்க அனுமதி. பண்ணுங்க." அவர் கத்தியை மேசைமேல் வைத்தார். "எங்கம்மா வயித்துலயும் அதேதானுங்க கிடக்குது."

மூன்று ஐம்பத்தாறுக்குக் கட்டளை போய்ச் சேர்ந்தது. பத்துக் கோடுகள் சாய்ந்து தரையைத் தொட்டன. பதினோராவதும் சாய்ந்தது. ஆனால் உள்ளே போன மருந்து போனதுதான். கூடத்தில் இருந்தவர்களின் சர்க்கரை மெல்ல மேலே ஏறுவது திரையில் தெரிந்தது. கேக்கும் தென்னம்பாகும் ரத்தத்தில் கலப்பதை அந்த முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலந்தில் இருந்த இயோவானேயின் எண் மட்டும் ஏறவில்லை. நாற்பது. முப்பத்து நான்கு. இருபத்தொன்பது.

தமயந்தி வண்டியில் போய்க்கொண்டிருந்த தெபோராவிடம் அவருடைய மனைவியின் எண்ணை வாங்கித் திரும்பத் திரும்ப அடித்தாள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. தூங்குகிற ஒருவரின் பக்கத்தில் அந்தப் போன் கிடக்கிறதா, கூடத்தில் யார் மடியிலாவது இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்தப் புள்ளி அணைந்தது. சிவப்பாகக்கூட மாறவில்லை. அந்த இடத்தில் வெறும் கடல்தான் இருந்தது.

எட்டு நிமிடம் கழித்து யாரோ போனை எடுத்தார்கள். ஒரு பெண் குரல், பின்னால் பாட்டு. தமயந்தி இயோவானே என்று சொன்னாள், சர்க்கரை என்று சொன்னாள், ஓடுங்கள் என்று சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை. "ஆமா, ஆமா, இயோவானே தூங்கறான். புத்தாண்டு வாழ்த்து" என்று சிரித்தாள்.

*

நான்கரைக்கு நியூசிலாந்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் புள்ளிகள் பழைய ஆண்டிலேயே தங்கிக்கொண்டு, பச்சையாகவே எரிந்தன. ஆறரைக்குச் சிட்னியில் வாணவேடிக்கை நடந்தபோதும் அப்படித்தான். எட்டு மணிக்குள் திருத்திய மென்பொருள் தயாராகி, ஜப்பானுக்கும் மலேசியாவுக்கும் அங்கே வருடம் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் புத்தாண்டு பிறந்தபோது அவிநாசி சாலை முழுக்க ஹாரன் சத்தம் கேட்டது. அறுபதாயிரம் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கள் வயிற்றுக்குள் என்ன கடந்துபோனது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மருதாசலம் பொள்ளாச்சிக்குப் போன் போட்டு, தூக்கத்திலிருந்து அம்மாவை எழுப்பி, "ஒண்ணுமில்லீங்கம்மா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தமயந்தி வீட்டுக்குப் போனாள், குளித்தாள், படுத்தாள். கண்ணை மூடினால் அந்த வரிதான் வந்தது. இது நமக்குச் சாதகம். அவளுடைய திட்டத்தில் எந்தப் பிழையும் இல்லை. அது எப்படி நடக்க வேண்டும் என்று எழுதினாளோ அப்படியே நடந்திருந்தது. கோளாறு முதல் மண்டலத்திலேயே தெரிந்தது, மற்றவர்கள் பிழைத்தார்கள். அதை நினைத்ததும் அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மருதாசலம் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். சவரம் செய்யாத முகம். மேசைமேல் மூன்று தாள்கள்.

"விடியக்காலைல வக்கீல் அனுப்பினாருங்க. அரசாங்கத்துக்குக் கொடுக்கற விபத்து அறிக்கை. பாதுகாப்புத் தலைவிங்கறதால உங்க கையெழுத்து வேணும்."

தமயந்தி வாசித்தாள். முதல் தாளில் ஒன்றும் இல்லை. இரண்டாவதன் நடுவில் வந்ததும் நின்றாள். திரும்ப மேலிருந்து படித்தாள்.

"சார், இதுல இயோவானே இறந்தது டிசம்பர் முப்பத்தொண்ணு, அதிகாலை பன்னெண்டு நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"அவர் இறந்தது ஜனவரி ஒண்ணு."

"பம்ப்போட பதிவுல முப்பத்தொண்ணுதானுங்க இருக்குது." அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நம்ம சர்வர், ஆளு எந்த ஊர்ல இருக்கறாரோ அந்த ஊர் தேதியத்தான் எழுதும். நாம அவரை ஹவாய்க்கு மாத்தினப்பறம்தான் அவரு போனாரு. நாடி நின்னதும் பதிவு தானா பூட்டிக்குச்சு. மத்த பத்துப் பேரையும் ராத்திரியே தீவுக்குத் திருப்பிட்டோம். அவரைத் திருப்ப முடியலீங்க."

தமயந்திக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"புது மென்பொருள் வேலையை ஆரம்பிச்சது ஜனவரி ஒண்ணு" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "அவர் இறந்தது அதுக்கு இருபத்து மூணு மணி நேரம் முன்னாடி. அப்ப அந்த மென்பொருள் அவரைக் கொன்னிருக்கவே முடியாது. அப்படித்தானே?"

"நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலீங்க தமயந்தி. வக்கீலும் மாத்தல. சர்வர்ல இருக்கறது அப்படியே இருக்குது."

"மாத்தினது நான்."

"நீங்க மாத்துனது பத்து உசிரக் காப்பாத்த. அதுக்கும் மேல தொண்ணூறாயிரம்."

"சார், ஒரு சின்னப் பையனுக்குக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியும் இதை. உலக நேரத்தை வச்சுப் பாத்தா..."

"யாரு பாப்பாங்க?" முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது, உடனே தாழ்ந்தது. "கோவப்படாம கேளுங்க. இந்த ஒரு சாவு நம்ம பேருக்கு வந்தா உரிமத்தை நிறுத்திருவாங்க. கம்பெனிய இழுத்து மூடணும். அப்ப அந்தத் தொண்ணூறாயிரம் பேரு வயித்துல இருக்கறதுக்கு மருந்து நெரப்ப யாரு இருக்கறா? அடுத்த கோளாறு வந்தா உக்காந்து திருத்த யாரு இருக்கறா? வெளிய எடுக்கறதுன்னா ஒவ்வொருத்தருக்கும் ஆபரேசன். எத்தன கெழவிக தாங்குவாங்க? நான் எனக்காகக் கேக்கலீங்க. நெசமாத்தான் சொல்றேன்."

அவர் நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் அவளை மிகவும் அதிர வைத்தது. எதிரில் இருந்த மனிதர் பொய்யர் இல்லை, தாளில் இருந்ததும் பொய் இல்லை. ஹவாயில் இந்த நிமிடம்வரைக்கும் புத்தாண்டு பிறக்கவில்லை. அந்தக் கணக்குப்படி இயோவானே செத்துப் போய்ப் பத்தொன்பது மணி நேரம் ஆகியும் பழைய வருடம் தீரவில்லை.

அவளுடைய போன் அடித்தது. தீவின் எண். அங்கே அப்போது இரவு ஏழரை. மருதாசலம் எடுக்க வேண்டாம் என்பதுபோலக் கையை லேசாக உயர்த்தினார். பிறகு தானே தாழ்த்திக்கொண்டார். அவள் ஒலிபெருக்கியைப் போட்டுப் போனை மேசைமேல் வைத்தாள்.

"அடக்கம் முடிஞ்சிடுச்சு" என்றாள் தெபோரா. குரல் கரகரத்திருந்தது. "சாயங்காலம்தான். மற்ற பத்துப் பேரும் நல்லா இருக்காங்க. அதைச் சொல்லணும்னு நெனச்சேன். முதல்ல சாய்ஞ்ச அம்மா, அடக்கத்துக்கே நடந்து வந்தாங்க."

"தெபோரா..."

"எனக்கு ஒரு உதவி வேணும். இறப்புப் பதிவேட்டை நான்தான் எழுதணும். உங்க கம்பெனியில இருந்து இன்னைக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. அதுல முப்பத்தொண்ணாம் தேதி அதிகாலைன்னு இருக்கு. நான் தப்புன்னு நெனச்சேன். ஆனா உங்க முத்திரை எல்லாம் இருக்கு. அவர் மனைவி தாரியாகிட்டப் படிச்சுக் காட்டினேன். படிச்சிருக்கக் கூடாது. அவங்க என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. முப்பத்தொண்ணாம் தேதி காலையில வலையை உக்காந்து தைச்சாரு. மத்தியானம் மீன் சுட்டாரு. சாயங்காலம் எங்களோட ஆடினாரு, நல்லா ஆடுவாரு. அதிகாலையிலேயே செத்துட்டாருன்னு எழுதியிருக்காங்களே, அப்ப அந்த ஒரு நாள் பூரா எங்களோட இருந்தது யாருன்னு கேட்டாங்க."

மருதாசலம் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணும் கேட்டாங்க" என்று தெபோரா தொடர்ந்தாள். "போன மாசம் நீங்க எல்லாருக்கும் ஒரு சான்றிதழ் அனுப்பினீங்க. 'உலகிலேயே முதல் பயனர்'னு தங்க எழுத்துல. அதை அவரு சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டியிருந்தாரு. எங்களை யாரும் எதுலயும் முதல்ல கூப்பிட்டதில்ல பாருங்க, அந்தப் பெருமை. ஏன் எங்களை முதல்ல வச்சாங்க, யார் அப்படி முடிவு பண்ணினாங்கன்னு கேட்டாங்க."

"நான்" என்றாள் தமயந்தி.

போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பதினொரு பேர்தான் இருந்தீங்க. தப்பு ஏதாவது இருந்தா, குறைவான ஆளுங்க இருக்கிற இடத்துலயே தெரிஞ்சுடட்டும்னு நெனச்சேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். சான்றிதழ் அனுப்பச் சொன்னதும் நான்தான்." அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "தேதியை மாத்தினதும் நான்தான் தெபோரா. பம்ப்பை நிறுத்த வேற வழி இல்லாம உங்க எல்லாரையும் ஹவாய்ல இருக்கிற மாதிரி மாத்தினேன். அதனாலதான் அவர் பதிவு முப்பத்தொண்ணுன்னு காட்டுது. அவர் முப்பத்தொண்ணாம் தேதி முழுக்க உயிரோட இருந்தார். தாரியாகிட்ட அதைச் சொல்லுங்க. ஜனவரி ஒண்ணாம் தேதி, பன்னெண்டு நாப்பத்திரெண்டுக்கு, எங்க பம்ப் விட்ட மருந்தாலதான் இறந்தார். அப்படியே எழுதுங்க. காரணம்கிற இடத்துலயும் அதையே எழுதுங்க. சொன்னது யாருன்னு கேட்டா என் பேரைப் போடுங்க. இங்கேயும் அதையே எழுதித்தான் கையெழுத்துப் போடப்போறேன்."

மேசைக்கு மறுபுறம் மருதாசலம் அசையவில்லை. முகத்திலிருந்து கைகளை எடுக்கவும் இல்லை. தமயந்தி மூன்று தாள்களையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டாள்.

அங்கே தாள் புரளும் சத்தம் கேட்டது. தெபோரா பேசினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தமயந்திக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"இப்ப உங்க ஊர்ல என்ன தேதி?"

"ஜனவரி ஒண்ணு."

"இங்கேயும் அதுதான்" என்றாள் தெபோரா. "உங்க பேரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."